பாட்டுக்கு நடுவே பேச்சு: சூரியன் எஃப்.எம். வந்த வழி

ஹைதராபாத்துக்கு முன்னாலேயே திருநெல்வேலிக்குத் தனியார் பண்பலை வந்துவிட்டது. மதுரைக்கும் திருச்சிக்கும்கூட முன்னால்தான். 2005 வரை இந்தியா முழுவதும் 12 ஊர்களில் மட்டுமே தனியார் எஃப்.எம். கேட்டது. அவற்றில் சென்னை, கோவை, நெல்லை மூன்றும் தமிழ்நாட்டு ஊர்கள். மூன்றிலும் ஒலித்த பொதுப் பெயர் சூரியன் எஃப்.எம். கோவையிலும் நெல்லையிலும் அந்நாளில் அது ஒன்றே தனியார் நிலையம். சென்னையில் மட்டும் ரேடியோ மிர்ச்சி அதற்குப் போட்டியாக நின்றது.

வணிகப் பண்பலையின் வரலாற்றை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் பாட்டைப் பற்றி எழுதுகிறார்கள். எந்தப் படத்தின் பாடல் எத்தனை வாரம் ஓடியது, எந்த இசையமைப்பாளருக்கு எந்த நேரம் என்று பட்டியல் நீளும். பாட்டு எல்லா நிலையங்களுக்கும் பொது. ஒரே வாரத்தில் வந்த ஒரே பாடலைச் சூரியனின் 93.5இலும் கேட்கலாம், மிர்ச்சியின் 98.3இலும் கேட்கலாம். ஒரு நிலையத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டியது இரண்டு பாட்டுக்கு நடுவே வந்த முப்பது நாற்பது விநாடிப் பேச்சு. தமிழ் ஒலிபரப்புக்கு சூரியனும் அதன் தோழமை நிலையங்களும் தந்த உண்மையான கொடை அந்தப் பேச்சுதான் என்பது என் துணிபு. அப்படியொரு பேச்சு உருவாகச் சட்டமும் கட்டணமும் தொலைபேசியும் சேர்ந்து காரணமாயின. அந்தக் கதை போதிய அளவு சொல்லப்படவில்லை.

சென்னைக்கு வானொலி தனியார் முயற்சியாகவே வந்தது என்பதை முதலில் நினைவுகொள்ள வேண்டும். 1924 மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் சென்னை மாகாண வானொலிக் கழகம் அமைந்தது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று 40 வாட் ஒலிபரப்பிக் கருவியோடு அது பேசத் தொடங்கியது. மூன்றாண்டுகளில் பணம் வற்றியது. 1927இல் கழகம் ஒலிபரப்பை நிறுத்திக் கருவியை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. மாலை வேளையில் மெரினாவில் ஒலிபெருக்கிகள் வழியாக ஊர் மக்கள் இசை கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதும் நகரத்துக்கென இருந்த அந்தச் சிறு வானொலி முடிவுக்கு வந்தது. அதன்பின் அறுபத்தைந்து ஆண்டுகள் சென்னையின் காற்றலை டெல்லியின் பொறுப்பில் இருந்தது.

அந்த அறுபத்தைந்து ஆண்டுகளில் தமிழர்கள் வணிக வானொலியைக் கேட்காமல் இருந்துவிடவில்லை. கொழும்பிலிருந்து கேட்டார்கள். ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை 1950 செப்டம்பர் 30 அன்று பிறந்தது. 1952இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியில் ஒதுக்கிவைத்தார். அதனால் பெருகிய பசியைக் கொழும்பு தீர்த்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளில் உள்ளூர்க் குரல்களைவிட நெருக்கமாக இருந்தன. 1957 அக்டோபர் 3 அன்று விவித்பாரதி வந்தது, 1967இல் அதில் விளம்பரமும் நுழைந்தது. ஆனாலும் அறிவிப்பாளரும் ஒரு ஆளுமைதான், நேயர் அவருடைய பெயரைச் சொல்லித் தேடி வருவார் என்பதைத் தமிழ் நேயர்களுக்குக் கற்றுக்கொடுத்தது கொழும்பே. இந்தக் கடனைச் சென்னைப் பண்பலைகள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தனியார் தமிழ்ப் பண்பலையிலும் இலங்கை நம்மை முந்திக்கொண்டது. கொழும்பில் 1998இலேயே ஒரு சூரியன் எஃப்.எம்.மும் சக்தி எஃப்.எம்.மும் ஒலிக்கத் தொடங்கிவிட்டன. பெயர் ஒன்றானாலும் கொழும்புச் சூரியன் வேறு நிறுவனம், சென்னைச் சூரியன் வேறு நிறுவனம்.

எஃப்.எம். தொழில்நுட்பம் மட்டும் சென்னைக்குப் புதிதில்லை. இந்தியாவில் முதல் பண்பலை ஒலிபரப்பே 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் நடந்தது. கேட்பதற்குரிய பெட்டிகள் வீடுகளில் இல்லாததால் அது நெடுங்காலம் பேச்சுக்குப் பொருளாகவில்லை.

திருப்பம் நீதிமன்றத்தில் வந்தது. 1995 பிப்ரவரியில், கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில், காற்றலை பொதுச் சொத்து என்றும் அரசு ஒன்றே அதன் ஏகபோகத்தை வைத்திருக்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1999இல் மத்திய அரசு தனியார் பண்பலைக் கொள்கையை அறிவித்து, 40 நகரங்களில் 108 அலைவரிசைகளை ஏலத்துக்கு விட்டது. ஏலம் எடுத்தவர்கள் வெறி கொண்டாற்போல விலை கேட்டார்கள். மும்பையில் 1.25 கோடி ரூபாயில் தொடங்கிய ஆண்டுக் கட்டணம் 9.75 கோடியில் முடிந்தது. அதற்கு மேல் கட்டணம் ஆண்டுதோறும் 15 சதவீதம் ஏறும் என்பது நிபந்தனை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஐந்தே ஆண்டில் தொகை இரட்டிக்கும். விளம்பரம் வருகிறதா இல்லையா என்பதை அரசு கேட்காது, கட்டணம் கட்டியே ஆக வேண்டும். ஏலம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒலிபரப்பைத் தொடங்காமலே விலகினார்கள். 108 அலைவரிசைகளில் கடைசியாக நிலைத்தவை 21தான். 1927இல் கிருஷ்ணசாமி செட்டியின் கழகத்தை மூடவைத்த அதே பணச் சிக்கல்தான் இங்கும் வேறு உருவில் நின்றது.

2001 ஜூலை 3 அன்று பெங்களூரில் ரேடியோ சிட்டி முதல் தனியார் நிலையமாக ஒலித்தது. 2003இல் தமிழ்நாட்டின் முறை வந்தது. 1993இல் சன் டிவியைத் தொடங்கிப் பத்தாண்டில் தென்னிந்தியத் தொலைக்காட்சியின் பெரும் பகுதியைக் கைக்குள் கொண்டுவந்திருந்த, சூரியனின் உரிமையாளரான சன் குழுமத்துக்கு அந்தக் கட்டணத்தைத் தாங்கும் வலு இருந்தது. சூரியன் பிழைத்ததற்கு முதல் காரணம் அதுதான் என்பதை மறைக்கத் தேவையில்லை. சின்ன முதலாளி ஒருவர் இந்த விளையாட்டில் இறங்கியிருக்கவே முடியாது. அதனால் பண்பலை பிறக்கும்போதே பெரிய ஊடக வீடுகளின் பிள்ளையாகப் பிறந்தது. மிர்ச்சி டைம்ஸ் குழுமத்தினுடையது. பின்னால் வந்த ஹலோ எஃப்.எம். தினத்தந்தி குழுமத்தினுடையது, ஆஹா எஃப்.எம். குமுதத்தினுடையதாக இருந்தது.

சூரியனுக்கு மூன்று கட்டுகள் இருந்தன. செய்தி சொல்லக் கூடாது என்பது முதல் கட்டு. தனியார் பண்பலையில் செய்திக்கும் நடப்பு விவகாரத்துக்கும் தடை இருந்தது. பாட்டு என்று வந்தால் கிட்டத்தட்ட திரைப்பாட்டு மட்டும் என்பது இரண்டாவது. இதைச் சட்டம் விதிக்கவில்லை, சந்தை விதித்தது. அத்தனை பெரிய கட்டணத்தைத் தூக்கிக்கொண்டு நாட்டார் பாடலையோ கச்சேரியையோ பரிசோதித்துப் பார்க்க எந்த மேலாளரும் துணியவில்லை. மூன்றாவது உரிமைத்தொகை. பாடல் எத்தனை மணி நேரம் ஒலித்ததோ அந்தக் கணக்கில் இசை நிறுவனங்களுக்குப் பணம் போனது. செய்தி கிடையாது, போட்டியாளரிடம் இருக்கும் அதே பாட்டுதான் நம்மிடமும் இருக்கிறது, பாட்டு கூடினால் செலவும் கூடும் என்றானபின் நிலையத்துக்கு எஞ்சிய சொந்தச் சரக்கு மனிதக் குரல் ஒன்றுதான். ‘கேளுங்க கேளுங்க கேட்டுக்கிட்டே இருங்க’ என்ற சூரியனின் வாசகமே பேச்சு வழக்கில்தான் அமைந்தது. மிர்ச்சி இன்னும் ஒரு படி இறங்கி ‘செம ஹாட் மச்சி’ என்றது.

அதற்கு முன் வானொலித் தமிழுக்கு ஓர் உடுப்பு இருந்தது. டெல்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசாமியின் உச்சரிப்பு அந்தத் தமிழுக்கு உச்ச அளவுகோல். அதன் கம்பீரத்தை நான் இன்றும் மதிக்கிறேன். அகில இந்திய வானொலியில் பேச்சுத் தமிழே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. வேளாண் நிகழ்ச்சிகளில் கிராமத்து உரையாடல் இருந்தது. தென்கச்சி கோ. சுவாமிநாதன் ‘இன்று ஒரு தகவல்’ சொன்னபோது திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற தமிழ்தான் வீடுகளுக்குள் வந்தது. சென்னை வானொலியின் பண்பலையிலும் சூரியனுக்கு முன்பே இளைய குரல்கள் நேயர்களோடு கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தன. ஆனால் அவையெல்லாம் குறித்த நேரத்துக்குள் அடங்கிய விருந்துகள். நாள் முழுவதும், அதுவும் அறிவிப்பாளரின் நாற்காலியிலிருந்தே, தெருத் தமிழ் பேசப்பட்டது 2003க்குப் பிறகுதான். காலையில் விழித்தது முதல் இரவு விளக்கணைப்பது வரை ஓர் ஊரின் பேச்சு அந்த ஊருக்கே திரும்பக் கேட்டது.

ஊர் மாறினால் பேச்சும் மாறியது என்பதுதான் இதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. நெல்லையில் ‘அண்ணாச்சி’யும் ‘வாங்க, இருங்க’ என்ற இழுப்பும் ஒலித்தன. கோவையில் ‘ஏனுங்க’, ‘சொல்லுங்ணா’ என்ற மரியாதை ஒலித்தது. சென்னையில் ஆங்கிலமும் மெட்ராஸ் பாஷையும் கலந்து ஓடின. திரைப்படத்தில் வட்டார வழக்கு பெரும்பாலும் சிரிப்பு மூட்டவே வந்தது. நகைச்சுவை நடிகருக்குக் கோவைத் தமிழ், நாயகனுக்குப் பொதுத் தமிழ் என்று அங்கே ஒரு படிநிலை இருந்தது. பண்பலை நாயகன் நாற்காலியிலேயே வட்டாரத் தமிழை உட்காரவைத்தது. தமிழ் கெடுகிறது என்று அன்று எழுந்த கண்டனங்களில் ஆங்கிலக் கலப்பைப் பற்றிய பகுதியை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கலப்பு தேவைக்கு மேல்தான் போனது. வட்டார வழக்கைக் கொச்சை என்று ஒதுக்கிய பகுதியை ஒப்புக்கொள்ள முடியாது.

பேச்சு ஒருவழிப் பேச்சாக இருந்திருந்தால் இத்தனை தூரம் வேர் பிடித்திருக்காது. இங்கேதான் இன்னொரு காரணம் வந்து சேர்ந்தது. 2003 மே 1 முதல் கைப்பேசிக்கு வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றானது. அதுவரை அழைப்பு வந்தாலும் காசு போகுமே என்று எண்ணைப் பார்த்துத் துண்டித்தவர்கள் கைப்பேசியை வாங்கவும் எடுத்துப் பேசவும் தொடங்கினார்கள். சூரியன் பிறந்த ஆண்டும் அதுவே. நேயர் விருப்பம் என்பது அஞ்சல் அட்டையில் எழுதிப் போட்டு, தம் பெயர் பட்டியலில் வாசிக்கப்படுமா என்று வாரக்கணக்கில் காத்திருந்த காலத்து வழக்கம். இப்போது நேயரின் குரலே காற்றில் வந்தது. குரோம்பேட்டையிலிருந்து ஒரு தையல்காரர், பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி, சிங்காநல்லூரிலிருந்து மில் வேலை முடிந்து வந்த ஒருவர் என்று ஊர் தன்னையே கேட்டது. ‘என்ன சமையல்?’, ‘யாருக்கு இந்தப் பாட்டு?’ என்ற கேள்விகள் படித்தவர்களுக்கு அற்பமாகப் பட்டன. பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணிடம் அவளுடைய பெயரைக் கேட்டு, அவள் சொல்வதை ஒரு நகரமே கேட்கும்படி செய்த ஊடகம் அதற்கு முன் வேறேது? பிற்பகல் நேரத்தைப் பெண்களுக்கென்று நிலையங்கள் வகுத்தது விளம்பரக் கணக்குக்காகத்தான். அந்தக் கணக்கின் துணையால் கிடைத்த இடத்தை அந்தப் பெண்கள் தமக்கென்று ஆக்கிக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரத்தின் உள்கட்டு எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாடல்களை மென்பொருள் வரிசைப்படுத்தும். எது புதுப்பாட்டு, எது இடைக்காலம், எது பழையது என்று விகிதம் உண்டு, ஒரே குரல் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்ளும். விளம்பரம் பத்து விநாடி அளவில் விற்கப்படும். இவற்றுக்கு இடையே நிலையத்தின் ஜிங்கிள் என்ற அடையாள இசைத்துணுக்கு, பிறகு தொகுப்பாளரின் லிங்க், அதாவது இடைப்பேச்சு. அந்தச் சிறு இடைவெளியில் அவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும், பதில் வாங்க வேண்டும், சிரிக்கவைக்க வேண்டும், பாடலின் முன்னிசை முடிந்து குரல் எழும் முன் வாயை மூட வேண்டும். இந்தக் கடைசித் திறமைக்கு மேடைப் பயிற்சியும் உதவாது, வானொலி நாடகப் பயிற்சியும் உதவாது. தமிழில் இதற்கென்று ஒரு தொழிற்கலை உருவானது இந்த ஆண்டுகளில்தான். அதைக் கற்றவர்களைத் திரையுலகம் உடனே அழைத்துக்கொண்டது. மிர்ச்சியில் பேசிய சுசித்ரா பின்னணிப் பாடகியானார். அங்கிருந்தே வந்த சிவா ‘சென்னை 600028’ (2007) படத்தின் நாயகர்களில் ஒருவரானார். பிக் எஃப்.எம்.மில் பேசிய பாலாஜி ஆர்ஜே என்ற எழுத்துகளைத் தம் பெயரோடு சேர்த்தே திரைக்குக் கொண்டுபோனார்.

விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொலைக்காட்சியில் முப்பது விநாடி வாங்க வசதியில்லாத பாத்திரக்கடை, பட்டுக்கடை, கணினிப் பயிற்சி நிலையம், பல் மருத்துவமனை எல்லாம் பண்பலைக்கு வந்தன. நெல்லைக் கடை நெல்லையில் மட்டும் கேட்டால் போதும் என்று நினைத்தால் அதற்குரிய விலை அங்கே இருந்தது. உள்ளூர் வணிகத்துக்கு மின்னணு ஊடகத்தில் கிடைத்த நல்வாசல் அது.

2005 ஜூலையில் கொள்கை மாறியது. அமித் மித்ரா குழுவின் பரிந்துரைப்படி, ஏறிக்கொண்டே போகும் கட்டணம் நீங்கி, ஒருமுறை நுழைவுக் கட்டணமும் அதற்குப் பின் மொத்த வருவாயில் 4 சதவீதமும் என்று ஆனது. இந்த இரண்டாம் கட்டத்தில் 91 நகரங்களில் 338 அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன. சில ஆண்டுகளுக்குள் சென்னையில் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினால் 91.1 ரேடியோ சிட்டி, 91.9 ஆஹா, 92.7 பிக், 93.5 சூரியன், 94.3 ரேடியோ ஒன், 98.3 மிர்ச்சி, 104.8 சென்னை லைவ், 106.4 ஹலோ என்று எட்டு நிலையங்கள். சூரியன் மதுரை, திருச்சி, சேலம், தூத்துக்குடி, வேலூர், ஈரோடு, புதுச்சேரி என்று காலப்போக்கில் பரவிப் பத்து ஊர் நிலையமானது.

எட்டுக் கடைகள் வந்தும் சரக்கு மாறவில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம். ஒன்றில் கேட்ட பாட்டு பத்து நிமிடத்தில் இன்னொன்றில் கேட்டது. மார்கழி முழுவதும் சபாக்களில் இசை வழியும் ஒரு நகரத்தில், கானாவும் பறையும் பிறந்து வளர்ந்த ஒரு நகரத்தில், வணிகப் பண்பலை இரண்டுக்குமே வாசலை ஏறக்குறைய மூடிவைத்தது. கானா திரைப்பாட்டாக வந்தபோது மட்டுமே உள்ளே வந்தது. இரவு ஒன்பதுக்கு மேல் இளையராஜா என்பது எல்லா நிலையங்களுக்கும் எழுதாத சட்டமாயிற்று. அந்தப் பாடல்களின் மேன்மையை மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான பாடல்களைத் தந்த ஒருவரிடமிருந்து ஒரு சில நூறையே சுழற்சியில் வைத்திருந்தது அவருக்குச் செய்த மரியாதையும் ஆகாது.

உரிமைத்தொகைச் சண்டையும் அந்த ஆண்டுகளில் முற்றியது. மணிக்கணக்கில் பணம் கொடுக்கும் முறையில் விளம்பரம் குறைந்த சிறு நகர நிலையங்கள்தான் அதிகம் நசுங்கின. 2010 ஆகஸ்ட் 25 அன்று பதிப்புரிமை வாரியம், நிகர விளம்பர வருவாயில் 2 சதவீதம் கொடுத்தால் போதும் என்று ஆணையிட்டது. நிலையங்கள் மூச்சுவிட்டன, இசை நிறுவனங்கள் கொதித்தன. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத பங்கை உறுதிசெய்தது. அது நெடுநாள் தாமதமான நீதி. நாளெல்லாம் ஒலிக்கும் ஒரு பாட்டை எழுதியவருக்கு அந்த ஒலிப்பிலிருந்து பங்கு கிடைக்க அறுபதாண்டுச் சுதந்திரம் போதவில்லை.

மூன்றாம் கட்ட ஏலத்தின்போது சூரியனின் இருப்பே கேள்விக்குள்ளானது. சன் குழும நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு ஒப்புதல் தர உள்துறை அமைச்சகம் மறுத்தது. 2015 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணையின் வழியே அவை ஏலத்தில் பங்கேற்க அனுமதித்தது. ஒரு பாட்டு வானொலி உயிரோடிருக்க நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்பதை ஊடக வரலாறு எழுதுவோர் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் கட்டக் கொள்கை ஒரு நன்மையும் செய்தது. போக்குவரத்து, வானிலை, குடிநீர், மின்தடை, இயற்கைப் பேரிடர் பற்றிய அறிவிப்புகள் செய்தியாகக் கருதப்படா என்று வரையறுத்தது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் பல பகுதிகளில் ஓய்ந்தபோது, மின்கலத்தில் ஓடும் சிறு வானொலிப் பெட்டிக்கு இருந்த பெறுமதி வேறு எதற்கும் இல்லை. எந்தத் தெருவில் தண்ணீர், எங்கே உணவு, எங்கே படகு என்று நேயர் நேயருக்குச் சொல்ல, தொகுப்பாளர் இடையில் நின்றார். பன்னிரண்டு ஆண்டுகளாக ‘என்ன சமையல்?’ என்று கேட்டுப் பழகிய குரலாக இருந்ததால்தான் அந்த இரவுகளில் மக்கள் அதை நம்பினார்கள்.

இன்று அந்தப் பேச்சுக்கு இரு பக்கமும் நெருக்கடி. ஒரு நிறுவனம் தன் நிலையங்களை எல்லாம் இணைத்து ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பலாம் என்று மூன்றாம் கட்டக் கொள்கை அனுமதித்தது. செலவு குறைகிறது என்பதால் மேலாளர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. சென்னையில் பதிவான நிகழ்ச்சி பத்து ஊர்களுக்கும் போனால் எந்த ஊரின் தமிழ் கேட்கும்? இன்னொரு பக்கம் கருவியே கைவிட்டுப் போகிறது. காதுக் கருவியின் கம்பிதான் கைப்பேசிப் பண்பலைக்கு அலைவாங்கி. அந்தக் கம்பியைச் செருகும் துளையைப் பல உற்பத்தியாளர்கள் எடுத்துவிட்டார்கள், பல கைப்பேசிகளில் பண்பலை வசதியே நின்றுபோயிற்று. அதை முடக்கக் கூடாது என்று மத்திய அரசு 2023இல் அறிவுறுத்தியது. அறிவுரை அளவிலேயே அது நிற்கிறது.

இத்தனைக்கும் நடுவில் மிகவும் அவசரமானது வேறொன்று. ஒலிபரப்பியதைக் கடைசி மூன்று மாதங்களுக்குப் பாதுகாத்தால் போதும் என்பதே உரிம நிபந்தனை. சேமிப்பிடம் விலை உயர்ந்திருந்த 2003இல் எந்த நிலையம் அதற்கு மேல் வைத்திருக்கும்? ரேடியோ சிலோன் அறிவிப்பாளர்களின் குரல்களாவது நேயர்களின் கேசட்டுகளில் தப்பிப் பிழைத்தன. நம் முதல் தலைமுறைப் பண்பலைப் பேச்சு அப்படியும் மிஞ்சியிருப்பது அரிது. அந்த ஆண்டுகளில் பேசியவர்கள் இன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறார்கள். தொகுப்பாளர்கள் மட்டுமல்ல, ஜிங்கிளுக்கு இசையமைத்தவர்கள், விளம்பரத்துக்குக் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள், நேயர் அழைப்பை முதலில் எடுத்துப் பேசி வரிசையில் நிறுத்தியவர்கள் எல்லோரும் நினைவோடு இருக்கிறார்கள். யாரோ ஒருவரின் பழைய கணினி வட்டில் சில நிமிட லிங்குகள் இருக்கலாம், ஒரு நேயரின் கேசட்டில் தன் குரல் வந்த அந்த ஒரு அழைப்பு பதிவாகி இருக்கலாம். வானொலி வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் எழுத்தோடு நின்றுவிடாமல், ஊர்வாரியாக அவர்களைத் தேடிப் போய், அந்தக் குரல்களைப் பதிவுசெய்து, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றதொரு பொது இடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தேடலில் உடன்வர நானும் ஆயத்தமாக இருக்கிறேன்.